கூண்டு போடாத கூடுகள்

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள் ஐயா. எழுத்து எனக்கு நாற்பது வயசுக்கு மேல்தான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் என் மகள் நான் வேலை செய்யும் கட்டடத்துக்கு வந்துவிடுவாள். கொட்டிவைத்த மணலில் குச்சியால் எழுதிக் காட்டுவாள், நான் பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். தப்பு என்றால் காலால் அழித்துவிட்டு "மறுபடி" என்பாள். அடிக்காத குறைதான்.

வனத்துறையிலிருந்து வந்து நீங்கள் கேட்டது ஆமை முட்டைகளைப் பற்றி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அழிந்துகொண்டிருக்கிற உயிர்களைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. அதில்தான் அவள் முதுகலை படித்தாள். சேர்ந்த புதிதில் என் மச்சான் வீட்டுக்கு வந்து சிரித்தான். "ஆமை முட்டை பொரியுதான்னு பாக்கவா மச்சான் புள்ளைய இம்புட்டுப் படிக்க வச்சே?" என்றான். "அவ ஆமையப் பாக்குறா. நீ ஆமையாவே இருக்கே, உன்னையும் ஒருநாள் பாப்பா" என்றேன். அன்றைக்கு எனக்கு அப்படிப் பேசத் தெம்பு இருந்தது.

அப்புறம் சாரத்திலிருந்து விழுந்தேன். இடுப்பு போயிற்று. சுமை தூக்க முடியாத கொத்து வேலைக்காரனை யார் கூப்பிடுவார்கள்? மகள்தான் அவள் ஆராய்ச்சியிலேயே எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். கம்பிவலை வெட்டிக் கூண்டு கட்டுகிற வேலை.

விஷயம் இதுதான். ஆற்றின் நடுவில் ஒரு மணல்மேடு. ஆமைகள் அதில் ஏறிக் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். நரி வந்து தோண்டித் தின்னும். சரிபாதிக் கூடுகளின் மேல் கம்பிக் கூண்டு பதிக்க வேண்டும். மீதிப் பாதியை அப்படியே விட வேண்டும். கடைசியில் எதில் எவ்வளவு குஞ்சு வந்தது என்று பார்த்தால் கூண்டால் பயன் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். எந்தக் கூட்டுக்குக் கூண்டு என்று சீட்டுப் போட்டு எடுப்போம். என் துண்டில் சீட்டுகளைக் குலுக்கி, "நீங்க எடுங்கப்பா. நான் எடுத்தா மனசு ஒரு பக்கம் சாயும்" என்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுப்பேன். எனக்கு எந்தக் கூட்டின் மேலும் கோபம் கிடையாது என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் வருஷம் நரி வரவே இல்லை. கூண்டுக்குள்ளும் குஞ்சு வந்தது, வெளியிலும் வந்தது. குட்டிக் குட்டியாக அத்தனையும் தண்ணீருக்கு ஓடின. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் என் மகள் முகம் தொங்கிவிட்டது. அவளுடைய பேராசிரியை அம்மா கரைக்கு வந்து கொட்டகையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுவிட்டு, "வித்தியாசம் இல்லைங்கறதும் ஒரு முடிவுதாம்மா. அழுற விஷயமா இது?" என்றார்.

நான் வெளியே வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பெரிய மனிதர்களின் ஆறுதல் எனக்குப் பழக்கம். என் மனைவி மேல் சுவர் இடிந்து விழுந்தபோது மேஸ்திரிகூட இப்படித்தான் மெதுவான குரலில் பேசினார். சாவு வீட்டில் பேசுகிற பேச்சு அது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா சொன்னது ஆறுதல் இல்லை, உண்மை என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு எப்படி ஐயா தெரியும்? நான் பார்த்த வேலையில் சுவர் நின்றால் நின்றது, விழுந்தால் விழுந்தது. நிற்காததும் ஒரு சுவர்தான் என்று யாரும் கூலி கொடுத்ததில்லை.

அன்று சாயந்திரம் அவள் சொன்னாள், "அப்பா, விட்டுரலாமான்னு தோணுது. மாமா சொன்ன சிமெண்ட் கிடங்குல கணக்குப் பாக்கப் போறேன். உங்களையும் பாத்துக்கணும்ல."

அவள் அம்மா சிமெண்ட் தூசியிலேயே வாழ்ந்து அதிலேயே போனவள். மகளும் அதே தூசிக்குப் போவதா? அது என் இடுப்பு போனதால் வந்த வினை. நான் பாயில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் ஒரு வருஷம்மா. நரி வரும்" என்றேன்.

இரண்டாம் வருஷமும் நரி வரவில்லை.

விடிந்தும் விடியாமலும் நான் மேட்டுக்குப் போய்விடுவேன். கூண்டு சரிந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை, யாரும் கேட்க மாட்டார்கள். கூண்டு போடாத கூடு ஒன்றைக் கையால் பறித்தேன். நரி பறித்தால் மண் ஒரே பக்கமாகத் தெறிக்கும், அந்த மாதிரியே தள்ளினேன். முட்டை ஓட்டைக் கிழித்துச் சுற்றிப் போட்டேன், மற்றதை ஆற்றில் விட்டேன். அன்றைக்கு அவள் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நரி வந்திருக்குப்பா!" வருத்தப்பட வேண்டியவள், பாவம், அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்காக நான் அடுத்த கூட்டுக்கும் போனேன்.

கடைசி வாரங்களில் ஓடு மெலிந்துவிடும். உள்ளே அசைவது விரலில் தெரியும். அப்போது கொஞ்சம் வேகமாகச் செய்தால் சிரமம் இல்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கூடுகள் தோற்பதற்கென்றே விடப்பட்டவை. ஆராய்ச்சியே அப்படித்தானே.

முட்டை விஷயம் இவ்வளவுதான்.

எங்களை மேட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற படகுக்காரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என்னைவிடச் சின்னவர், ஆனால் என் மகள் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு தோள் இறங்கிப்போன மனிதர். துடுப்புப் போடுவார், நீந்த முடியாது. "தண்ணியில பொழைக்கிறவனுக்கு நீச்சல் தெரியலேன்னா படகு மேல மரியாதை இருக்கும்ணே" என்று அவரே கிண்டல் செய்துகொள்வார்.

ஒருநாள் காலையில் நான் குழிக்குள் கையை விட்டிருக்கும்போது அவர் பின்னால் நின்றார்.

"இந்த வருஷம் நரிக்கு ரெண்டு காலு போலண்ணே" என்றார்.

நான் எழுந்து கையைத் தட்டினேன். காரணத்தைச் சொன்னேன். கிடங்கு, தூசி, அவள் அம்மா, எல்லாம். அவர் தலையாட்டிக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. நீங்களே பாப்பாகிட்ட சொல்லிருங்க. அது உங்க புள்ள, உங்களை விட்டுறாது. ஆனா சொல்லிரணும். பொய்யி மேல அது உக்காரக் கூடாது."

"சொல்றேன் தம்பி" என்றேன். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "அண்ணே, நீங்க சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டியதாயிரும்" என்றார். அப்படிச் சொல்லும்போதும் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். நல்ல மனிதர்.

மேலே அணையில் தண்ணீர் திறந்தால் சங்கு ஊதுவார்கள். மேடு முழுகாது, ஆனால் நடு ஆற்றில் இழுப்பு பயங்கரமாக இருக்கும். வருஷாவருஷம் அவர் படகின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துத் தார் பூசுவது நானும் அவரும் சேர்ந்துதான். எந்த இடுக்கு எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு இடுக்கில் பஞ்சைப் பிடுங்கிவிட்டு அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டேன். சங்கு ஊதியதும் அவரிடம், "பாப்பாவோட அளவுக் கருவியெல்லாம் மேட்டுல கிடக்கு தம்பி. தண்ணி ஏறுறதுக்குள்ள எடுத்தாந்துருங்க" என்றேன். பாப்பா என்று சொன்னால் அவர் யோசிக்க மாட்டார். யோசிக்கவில்லை.

நான் கரையில் நின்றேன். அவர் ஒருதரம் "அண்ணே" என்று கூப்பிட்டார். ஆறு சத்தமாக இருந்ததால் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பழைய படகு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் மகள் மூன்று நாள் சாப்பிடவில்லை. மேட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தன் கல்லூரித் துறையில் கேட்டுத் தானாகப் படமெடுக்கும் கேமரா ஒன்றை மரக்கட்டையில் கட்டினாள். எனக்குச் சொல்லவில்லை. மறைத்ததும் இல்லை, அவளுக்குப் பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான். நான் அதற்குப் பிறகும் இரவல் படகில் போய் மிச்சக் கூடுகளைப் பறித்துக்கொண்டுதான் இருந்தேன். மழையில் அது நனைந்து கெட்டுப்போனது. அது இல்லாமலேயே ஆராய்ச்சியை எழுதி முடித்துவிட்டாள். முதல் பக்கத்தில், "என் படகுக்காரச் சித்தப்பாவுக்கு" என்று போட்டிருந்தாள். நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

வாய்மொழித் தேர்வில் காட்ட ஒரு நரிப் படம் வேண்டும் என்று அந்தக் கேமராவைத் துறையில் கொடுத்தாள். யாரோ அதைப் பிரித்துக் காயவைத்துப் படங்களை மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் மடிக்கணினியை என் முன்னால் வைத்தாள். படத்தில், மணலில் மண்டியிட்டு நான்.

"என் நரி நீங்கதானாப்பா?"

நான் காரணத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. முகம் மட்டும் ஏதோ கணக்குப் போட்டது.

"சித்தப்பா தெனமும் மேட்டுக்கு வருவார். அவர் கண்ணுல படாம எப்படிப்பா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் மடிக்கணினியை மூடினேன்.

அவள் எழுந்து செருப்பு மாட்டாமல் வெளியே போனாள். மறுநாள் கல்லூரியில் போய் ஆராய்ச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகப் பேராசிரியை அம்மா சொன்னார். "போன வருஷ முடிவே போதும்னு அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மகள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்.

முட்டைகளை அழித்தது நான். படகுக்காரரைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கைநாட்டு வைக்கிறேன், இல்லை, கையெழுத்தே போடுகிறேன்.

ஒன்று மட்டும் பல்கலைக்கழகத்தில் சொல்லுங்கள் ஐயா. கூண்டு போட்ட கூடுகளில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. அத்தனையிலும் குஞ்சு வந்தது, அவள் எண்ணியதெல்லாம் சரி. பாதி சுத்தமாகத்தான் இருக்கிறது. அந்தப் பாதிக்காவது என் பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம்.