முதல் கூடை மண்

தலைமை தாங்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, தள்ளாத வயதிலும் தள்ளுமுள்ளு செய்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பிள்ளையின் காய்ச்சலை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் பேரப்பிள்ளைகள் நிற்கவே இல்லை! மூத்தவன் கட்டட காண்ட்ராக்டர். தாத்தா விட்டுப்போன குட்டையில் தன் பங்கான பாதியை மண்ணடித்து, இந்த மருத்துவமனையை எழுப்பியவன். அடுத்தவன் கொசுமருந்துக் கம்பெனி முதலாளி. அந்தப் பாதி தூர்ந்த நாளிலிருந்து அவன் வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது. பேத்தி இங்கே காய்ச்சல் வார்டின் பெரிய டாக்டர்; அங்கே ஒரு கட்டில் காலியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. கடைக்குட்டி கீழே மருந்துக்கடை வைத்திருக்கிறான். காய்ச்சல் வருவது முதல் பில் வருவது வரை, எல்லாம் ஒரே குடும்பம்! எந்தப் பாட்டிக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

கை தட்டுகிறீர்களா? நன்றாகத் தட்டுங்கள், நடுவில் நாலு கொசுவாவது சாகட்டும்.

மண்ணடித்த அன்றைக்கே மூத்தவனிடம் கேட்டேன்.

“ஏண்டா, அந்தக் குட்டை உன்னை என்னடா பண்ணுச்சு?”

“தவளை கத்துது பாட்டி. பக்கத்துல நான் கட்டுற வீடுகளப் பாக்க வர்றவங்க முகம் சுளிக்கிறாங்க.”

“மீனும் தட்டானும் போயிட்டா கொசுப்புழுவ யாருடா திம்பா?”

“அதுக்குத்தான் தம்பி மருந்து வச்சிருக்கானே!”

என்ன பதில்! என்ன படிப்பு! அந்தப் பாதியோடு மீன் போனது, தட்டான் போனது, தவளை போனது. தண்ணீர் போனதா? மழைக்கு மழை, கட்டடத்துப் பள்ளத்திலும் வீசியெறிந்த வாளியிலும் வந்து நின்றது. கேட்க ஆளில்லாத அந்தத் தண்ணீரில் கொசு குடும்பம் நடத்தியது.

இப்போது மாடியில், கையில் குழாய் செருகியபடி படுத்திருப்பது யார் தெரியுமா? மூத்தவனின் மகள். என் கொள்ளுப்பேத்தி. நேற்று டாக்டரம்மா தன் அண்ணனிடம் சொன்னாள்: “அண்ணே, உன் பொண்ண எப்படியும் எழுப்பி உட்கார வச்சிடுவேன். அப்புறம் எங்க அனுப்பறது? அதே வீட்டுக்குத்தான?”

ஆனாலும் பாருங்கள், மீதிக் குட்டையையும் தூர்க்க முதல் கூடை மண்ணை என் கையால் கொட்டச் சொல்கிறீர்கள். நோயாளிகள் பெருகிவிட்டார்களாம், கார் நிறுத்த இடமில்லையாம்! குட்டையைக் கொன்றோம், நோயாளி வந்தார். நோயாளி வந்தார், குட்டையைக் கொல்கிறோம். இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை ஐயா!

மருந்து புட்டியில்தான் இருக்கிறதா? மருத்துவம் மாடிக் கட்டடத்தில்தான் நடக்கிறதா? டோக்கன் கேட்காமல், பில் நீட்டாமல், இராப்பகலாய் நம்மைக் காத்த குட்டையும் ஆஸ்பத்திரி இல்லையா?

என்ன மூத்த ராசா, மைக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறாய்? பாட்டி இன்னும் முடிக்கலடா!

கொட்டமாட்டேன். மீதிப் பாதி என் பெயரில் இருப்பதைப் பேரன் மறந்துவிட்டான். பதிவு அலுவலகம் மறக்கவில்லை. அது குட்டையாகவே இருக்கும். அதில் மீன் இருக்கும், தட்டான் இருக்கும், தவளை கத்தும். தூக்கம் கெட்டால் என்னிடம் வந்து சண்டை போடுங்கள். காய்ச்சலோடு மட்டும் வராதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுக்கமாட்டாமல் நெளிந்த என் பேரன்மாருக்கும் நன்றி. நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள், நோய்நொடியில்லாமல் இருங்கள். கடைக்குட்டி, ஓடு! வாசலில் நிற்கும் மண் லாரி, ஏற்றிய மண்ணோடு திரும்பிப் போவதைப் புதுசாக ஒரு படம் எடுத்து நம் குடும்பக் குரூப்பில் போடு.