பன்னெண்டாவது சீசா

நிக்கிறேங்கய்யா, பரவால்ல. சேத்துக் காலு, ஆஸ்பத்திரித் தரை பாழாப் போயிரும். நீங்க லாபிஸ் டேசன்ல எறங்கி மூணு நாளுதான் ஆவுது, இந்த ரப்பர் தோட்டத்து வெவகாரம் ஒங்களுக்குத் தெரியாது. அதான் நானே வந்தேன்.

என் வேலையா? கொசுப்புழு புடிக்கிறதுங்க. பன்னெண்டு எடம். வாரம் ஒருக்கா ஓடை, பள்ளம், கெணறுன்னு போயி அகப்பையால மோந்து, எடத்துக்கு ஒரு சீசாவா இந்த மேசையில வைக்கணும். ஒங்களுக்கு முன்ன இங்க வைத்தியம் பாத்த டிரெசர் கதிரேசு ஐயா புழுவ எண்ணி, அந்தா சுவத்துல ஒட்டியிருக்கே தாளு, அதுல கோடு போடுவாரு. புழு இருந்த எடத்துல மறுநா மண்ணெண்ணெய் ஊத்துவாங்க. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா கோடு எறங்குறது தெரியும். என்னமோ நானே வைத்தியம் பாத்த மாதிரி பெருமையா இருக்கும்.

ஆமாங்க, கோடு எறங்குச்சு, காய்ச்சல் எறங்கல. அவரும் மண்டைய ஒடச்சுக்கிட்டாரு. வெள்ளையம்மா, எந்த எடத்தையாச்சும் விட்டுட்டியான்னு கேட்டாரு. இல்லவே இல்லைன்னு சாதிச்சேன். தொர அவரத்தான் வேல தெரியாதவருன்னு ஏசி அனுப்பிட்டாரு. பாவம், நல்ல மனுசன்.

விட்டது பன்னெண்டாவதுங்க. நாங்க குடியிருக்குற லயத்துக்குப் பின்னால, மாரியம்மன் கோயில் ஊத்து. ஆத்தாளுக்கு அபிசேகம் அந்தத் தண்ணிலதான். அடியில கெடக்குற கல்லுகூடத் தெரியும், அம்புட்டுச் சுத்தம். காய்ச்சல் சாக்கடையில இருந்துதான் வரும்னு நெனச்சேன். புழு நெளிஞ்சதப் பாத்தேன், பாக்காம இல்ல. சொன்னா அதுலயும் ஊத்திருவாங்களே. மண்ணெண்ணெய் நாத்தத்தையா ஆத்தா தலையில கொட்டுறது? அதனால குடிதண்ணிக் கொழாயில புடிச்சு, பன்னெண்டுன்னு வச்சிருவேன். ரெண்டு வருசமா.

இந்தாங்க, இது நெசமாவே அங்க மோந்தது. எண்ணிப் பாருங்க. நாளைக்கே ஊத்திருங்க. லயத்துச் சனம் ஏசும், ஏசட்டும். டின்ன நானே தூக்கிட்டு வரேன்.

இத்தன நாளு சொல்லாம இப்ப ஏன் சொல்றேன்னா... சாயங்காலம் அங்க கொடம் ரொப்ப எம்பொண்ணு செல்லத்தத்தான் அனுப்புவேன். கரையிலயே ஒக்காந்து இருட்டுற வரைக்கும் பாடிக்கிட்டு இருப்பா. சீசாவக் கழுவிக் குடுத்துருங்கய்யா, அடுத்த வாரத்துக்கு வேணும். நேத்துதான் அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது.