விசிலுக்குக் கொடுத்த நாற்காலி

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நன்றாகப் பசிக்கிறது. பதவி போனால் ஆள் பாதியாகிவிடுவான் என்று பயமுறுத்தினார்கள். நான் ஒரு சுற்று பெருத்துவிட்டேன். உட்காருங்கள். இரங்கல் கூட்டத்தில் நான் என்ன பேசப்போகிறேன் என்று கேட்டுவர கிளப்பில் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். அங்கே பேச வேண்டியதை அங்கே பேசிக்கொள்கிறேன். நடந்ததை உங்களிடம் சொல்கிறேன், அதில் எனக்கொன்றும் கூச்சமில்லை.

என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்தக் கால்பந்து அணிக்கு நான்தான் தலைமைப் பயிற்சியாளர். கோப்பைகளை வைக்க அலமாரியில் இடமில்லை. நான் விலகுவதாகச் சொன்னதும் முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு அப்புறம் யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க கை காட்டுற ஆளுதான்." நான் விசிலைக் காட்டினேன்.

விசில் என் துணைப் பயிற்சியாளன். தூங்கும்போதுகூட அவன் கழுத்தில் விசில் தொங்கும் என்று ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. என்ன பெரிய மனசு என்று ஊரே என்னைப் புகழ்ந்தது.

அவனுக்கு இதயம் பலவீனம். ஒருமுறை பயிற்சியில் சுருண்டு விழுந்தபோது அணி டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இவர் உங்க பக்கத்துல நின்னு வேலை பாக்கட்டும். தோத்தா ஜனங்க திட்டுற இடத்துல மட்டும் நிக்க வெக்காதீங்க." அதற்குப் பிறகு நிருபர்கள் பக்கமே அவனை விடாமல் பார்த்துக்கொண்டேன். அதனால்தான் பதவியை ஏற்க அவனே தயங்கினான்.

"என்னால முடியுமாண்ணே?"

"நான் இருக்கேன்ல தம்பி."

போகும் முன் மூத்த ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் ஒப்பந்தத்தை நீட்டிக்க வைத்தேன். நன்றி மறக்காதவர் என்று அதற்கும் பாராட்டு. அவர்களுடைய முழங்கால்கள் தேய்ந்துபோயிருந்தது எனக்குத் தெரியும். அவனால் அவர்களை வைத்து ஆடவும் முடியாது, வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போனேன். அவனுக்கு நேர் பின்னால் முதல் வரிசை, எல்லாருக்கும் பழகிய அதே சாம்பல் நிறக் கோட்டு. எதிரணி கோல் போட்டால் மைதானமே என்னைத் திரும்பிப் பார்க்கும். கேமராவும் பார்க்கும். நான் லேசாகத் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, ஒரே ஒரு ஆட்டத்துக்கு வராம இருங்களேன்."

"வரலைன்னா உன்னைக் கைவிட்டுட்டேன்னு பேசுவாங்களே, தம்பி," என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

கடைசி ஆட்டத்தில் மூன்றாவது கோல் விழுந்ததும் கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. நான் எழுந்து நின்றேன். சத்தம் இரண்டு மடங்கானது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான், கை நெஞ்சுக்குப் போனது. அது என்னவென்று அந்த மைதானத்தில் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. டாக்டர் சற்றுத் தள்ளி ஓர் ஆட்டக்காரனின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பார். நான் உட்கார்ந்துகொண்டேன்.

ஏன் என்கிறீர்களா? என் மகன் அந்த அணியில் ஆடியவன். சில வருடங்களுக்கு முன், அவனை வைத்துக்கொள்ளலாமா என்று பயிற்சியாளர்கள் அறையில் விசிலைக் கேட்டேன். "பையன் தங்கம்ணே. ஆனா இந்த அணிக்கு அவன் ஆட்டம் பத்தாது," என்றான். கதவுக்கு அந்தப் பக்கம் என் மகன் நின்றிருந்தான். அன்று மாலையே அவனை நீக்கினேன். மறுநாள் வீட்டை விட்டுப் போனவன் என்னோடு பேசவேயில்லை. நீக்கியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் சொன்னது யார்? என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்தவனை நான் சும்மா விடுவேனா?

அடக்கத்துக்கு மகன் வந்திருந்தான். விசிலின் மனைவிக்குப் பக்கத்தில் பிள்ளை போல நின்றான். நானே போய்த் தோளைத் தொட்டேன்.

"என்னை நீக்கின அன்னைக்கே அவரு தேடி வந்து மன்னிப்புக் கேட்டாருப்பா," என்றான். "நீங்க இன்னும் கேக்கல."

எத்தனை வருடம் கழித்து என்னோடு பேசுகிறான், பேச்சைப் பாருங்கள். இதையும் விசில்தான் சொல்லிக்கொடுத்திருப்பான்.