தூரத்து ஏரி

எனக்கு ஸ்கேல் வைத்தாலும் நேர்க்கோடு வராது, ஐயா. அதனால்தான் இயற்கைக் காட்சி வரையும் பக்கம் ஒதுங்கினேன். மரமும் மேடும் கோணலைப் பொறுத்துக்கொள்ளும்.

அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பென்சிலை அழுத்தினால் பனைமரம் மூக்கருகே வந்து நிற்கும். முடி கனத்தில் இழுத்தால் மலைகூட அடுத்த ஜில்லாவுக்குப் போய்விடும்.

திருமுல்லைவாயிலில் மனை போட்ட பரந்தாமன், விளம்பர நோட்டீசுக்குப் படம் கேட்டார். போய்ப் பார்த்தேன். கோடை. ஏரி காய்ந்து மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மனைக்கல் நட்டிருந்ததே ஏரிக்குள்தான். பனைகளில் என் மார்பு உயரத்துக்குப் பழைய தண்ணீர்க் கறை. கறையை வரையாமல் விட்டுவிட்டேன். மனைகளை அழுத்தி வரைந்து, ஏரியை மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் அடிவானத்துக்கு அனுப்பினேன். நான் போட்டதிலேயே உயிருள்ள கோடு அதுதான்.

அம்பத்தூரில் கம்பெனி வேலை பார்த்த உத்தமனும் அவன் மனைவி பேபியும் அந்தப் படத்தை நம்பி மனை வாங்கி, ஓட்டு வீடு கட்டினார்கள். படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டி, வரைந்த என்னையும் அண்ணனாக்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் அந்த நோட்டீசில் வடை மடித்தார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒரு சாயங்காலம் குடையோடு அவர்களைப் பார்க்கப் போனேன். இந்த ஏரிக்குத் தண்ணீர் விடும் மேல் ஏரியின் கரை உடையப்போகிறது என்று ரயில் ஸ்டேஷனிலேயே சொன்னார்கள். உத்தமன் வீட்டு வாசற்படியைத் தண்ணீர் தொட்டிருந்தது. பேபி துணிமூட்டை கட்டிவைத்திருந்தாள்.

“அண்ணாத்தே, தண்ணி ஏறிகினே கீது. இவ அம்மா ஊட்டுக்குப் போலான்றா. இன்னா சொல்றே?”

சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். “ஏரி எங்க கீது, பாரு நைனா. அது அங்கேர்ந்து நடந்து வர்றதுக்குள்ள தை பொறந்துடும்.”

உத்தமன் சிரித்தான்.

“உனுக்கு எல்லாமே தமாசுண்ணே,” என்றாள் பேபி. “படத்துல கீற மாரியா தரையில கீது?”

கேள்வி குத்தியது. அவர்கள் கிளம்பிவிட்டால் என் கோடு பொய்யாகிவிடும், அவ்வளவுதான். மேல் ஏரியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

“மூட்டையப் பிரிம்மா,” என்றேன்.

பிரித்தாள். டீ கொடுத்தாள். குடித்துவிட்டு மேட்டுக்கு ஏறி வந்துவிட்டேன்.

விடிந்தபோது ஓட்டு முகடு மட்டும் தெரிந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். அதே ஏரியில் பரந்தாமன் போடும் அடுத்த மனைகளுக்கு வரைந்துகொண்டிருந்தபோதுதான் உங்கள் போலீஸ்காரர்கள் வந்தார்கள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்த வீடு இருந்த இடத்தில் தாமரை போட்டிருக்கிறேன், ஒரே இழுப்பில். பேபிக்கு நிச்சயம் பிடிக்கும்.