கெர்னலுக்கு வெளியே

“ரவி மட்டும் எப்படி லீவு போட்டு பாலிக்குப் போறான் லா?”

மலேசியாவின் குளுவாங் ரயில் நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், தோழியிடம் பொருமினாள்.

“அவன் எழுதுன ஃபைல் சிஸ்டம், லினக்ஸோட மையமான கெர்னலுக்குள்ளயே இருக்கு. கெர்னல மாத்துறவங்களே அவனோடதையும் சரிபண்ணிடுறாங்க. என்னோடது வெளிய ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஓடாமப் போயிடும். டிஸ்க் திறக்கலன்னு ஆளுங்க என்னைத் திட்டுறாங்க. தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கே லேப்டாப்போட போறேன்!”

என் கைப்பேசியும் அப்டேட் கேட்டுக்கொண்டிருந்தது. ‘பிறகு’ என்பதை அழுத்தினேன்.

“உன்னோடதையும் உள்ள குடுத்துட வேண்டியதுதானடி?” என்றாள் தோழி.

“போன வருசமே கேட்டாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன்.”

“அலமாக்! ஏன்?”

“உள்ள போனா கண்டவனும் அதுல கை வைப்பான். அது என்னோடதுடி.”