மிளகு மூட்டைக்குள் கார் சாவி

மாரமங்கலத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் மிளகு மண்டிக்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“மூட்டையை யாருக்கும் குடுத்தறாதீங்க. மிளகுக்குள்ள எங்க காருச் சாவி கெடக்குதுங்க.”

அவர் பக்கத்திலிருந்த அவருடைய மனைவி பல்லைக் கடித்தார். “சாவி அதுக்குள்ள எப்படிங்க போச்சு?”

“பனியில ரிமோட்டு நமுத்துப்போச்சு. பத்துத் தடவை அமுக்குனாத்தான் கதவு தொறக்குது. களத்துல மிளகோட காயட்டும்னு வச்சேன். ஆளுங்க அப்படியே வாரி மூட்டை கட்டிட்டாங்க.”

“மருமவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. வலி வந்தா எதுலங்க கூட்டிட்டுப் போறது? சரி, ஊட்டுல பீரோவுல இன்னொரு சாவி இருக்குதுல்லீங்க, பையனை எடுக்கச் சொல்லுங்க.”

அவர் போனை மெல்ல மடியில் கவிழ்த்து வைத்தார்.

“அதையுந்தான் காயப் போட்டேன்.”