நோம்பிக்கு மறுநாள் மங்கிய நட்சத்திரம்

— வெல்டரை எதுக்குங்க திருப்பி அனுப்புனீங்க?

— அனுப்பலம்மிணி. டீ குடிச்சுட்டு வான்னேன். காத்தால வந்ததும் வராததுமா கட்டரைப் பத்த வெச்சுட்டு நிக்கறான் கிட்டுசாமி. ஏண்டான்னா, "அக்கா மச்சு மேல இருக்கற தகர ரூமைப் பூரா அறுத்துத் தள்ளச் சொல்லிச்சுங்க"ங்கறான்.

— நாந்தான் சொன்னேன். அட்டைப்பெட்டி அடுக்க எடமில்லைன்னு மாசக்கணக்கா சொல்லிட்டு இருக்கறீங்கல்ல. இங்க வெச்சுக்குங்க.

— பெட்டிக்கு எடமில்லைன்னா வாடகைக்கு குடோன் புடிச்சுக்கறேன். அதுக்குன்னு உன்ற டெலஸ்கோப் ரூமை ஒடைக்கறதா? இதைக் கட்டறப்ப ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன கேட்டாங்க, தெரியுமல்ல. "ஏனப்பா மகுடேசு, பனியன் யாவாரம் பத்தாதுன்னு புறா வளக்கறியா"ன்னாங்க. என்ற பொண்டாட்டி நட்சத்திரம் படிச்சவ, அவ ஆராய்ச்சி பண்றதுக்கு, அப்படின்னு நெஞ்சை நிமித்திட்டுச் சொன்னேன். பனியன் வாங்க வந்த இத்தாலிக்கார பையருக்கு நீ சனி வளையத்தைக் காட்டுனே, அந்த மனுசன் சாம்பிளைத் தொட்டே பார்க்காம ஆர்டரைப் போட்டுட்டுப் போனான். கம்பெனிக்கே ராசியான ரூமும்மிணி.

— ராசியெல்லாம் எங்கிட்டப் பேசாதீங்க.

— சரி, பேசல. திடீர்னு என்ன கெரகம் புடிச்சுதுன்னு இப்ப...

— கெரகத்தைத்தாங்க புடிச்சுட்டாங்க.

— ஆரு? எந்தக் கெரகத்தை?

— வெளிநாட்டுல ஒரு டீமு. நேத்து எங்க பி.எச்டி. கைடு மெயில் அனுப்பியிருந்தாரு. நம்ம சூரியனுக்குப் பக்கத்து ஊடு மாதிரி இருக்கற ஒரு சின்ன நட்சத்திரம், ஆரும் சட்டை பண்ணாத செவப்பு நட்சத்திரம், அதையே கட்டிட்டு அழுதுட்டு இருந்தனே. அதைச் சுத்தி ஒரு கோள் ஓடுதாம்.

— அட, நீ இருக்குதுன்னு சொன்னாப்பலயே இருக்குது. உன்ற கணக்கு சரியாப் போச்சுன்னு சந்தோசப்படறதை உட்டுப்போட்டு வெசனப்பட்டுட்டு நிக்கறே.

— நான் இருக்குதுன்னு சொல்லலீங்க. இருக்கும்னு சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டவளுக்கெல்லாம் ஆரும் பேரு குடுக்க மாட்டாங்க.

— அவீங்க மட்டும் கண்ணுல பார்த்துட்டாங்களாக்கும்?

— கோளை எங்கீங்க கண்ணுல பார்க்கறது. நட்சத்திரத்துக்குக் குறுக்க அது போறப்ப வெளிச்சம் துளி மங்கும். அக்கட்டால போனதும் பழையபடி ஆயிரும்.

— தெரு லைட்டுக்குக் குறுக்க கொசு போறாப்பல. நீ சொன்னதுதான், மறக்கல.

— அந்த மங்கலைத்தான் புடிச்சிருக்கறாங்க. எத்தனை நாளைக்கு ஒருக்கா சுத்தி வருதுன்னும் போட்டிருக்கறாங்க. அதை வெச்சு நான் பின்னால கணக்குப் போட்டுக்கிட்டே போனேன். நம்ம புள்ள மோனிஷா எல்.கே.ஜி. போயிட்டு இருந்த வருசம், தீவாளி நோம்பிக்கு மறுநாளு. ஏனுங்க, ஞாபகம் இருக்குதா?

— எது?

— இதே ரூமுல ராத்திரி நான் கம்ப்யூட்டர் முன்னால நின்னனே. நீங்க டீ கொண்டு வந்தீங்க. "மங்குதுங்க, மங்குதுங்க"ன்னேன்.

— ம்.

— நீங்க அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துப்போட்டு, "ஆறுச்சாமி மாமன் சாயப்பட்டறை பாய்லர் புகைம்மிணி, குறுக்க போகுது"ன்னீங்க. அது புகையில்லீங்க. அந்தக் கோளுதான் போயிருக்குது. கணக்கு அந்த நேரத்துலதான் வந்து நிக்குது. ஒலகத்துலயே மொதல்ல பார்த்தது நானு.

— அப்ப அன்னைக்கு எடுத்ததை அனுப்பி வெய்யி. கம்ப்யூட்டர்ல இருக்குமல்ல. மொதல்ல பார்த்தவ நீதான்னு அவீங்களே ஒத்துக்கட்டும்.

— இல்லீங்க. அன்னைக்கே அழிச்சுட்டேன்.

— அழிச்சுட்டியா? பழைய கரண்ட் பில்லைக் கூடப் பத்திரம் பண்றவ நீ. அதை எதுக்கம்மிணி அழிச்சே?

— புகையை எதுக்குங்க வெச்சிருக்கோணும். உடுங்க. புகைக்கும் கோளுக்கும் வித்தியாசம் தெரியாதவ பி.எச்டி. வாங்கி என்ன, டெலஸ்கோப் வெச்சு என்ன. கிட்டுசாமியைக் கூப்பிடுங்க.

— இரு. சித்த உக்காரு. நான் ஒண்ணு சொல்லோணும்.

— சொல்லுங்க.

— வாய் வர மாட்டீங்குது.

— எங்கிட்டச் சொல்றதுக்கு என்னுங்க.

— அன்னைக்குப் புகையே இல்லம்மிணி.

— புகை இல்லீங்களா?

— நோம்பிக்குப் போனஸை வாங்கிட்டு சனமெல்லாம் தேனி, திண்டுக்கல்லுன்னு அவங்கவங்க ஊருக்குப் போயாச்சு. ஊரே வெறிச்சுன்னு கெடந்துது. மாமன் பட்டறை பூட்டி பாய்லர் ஆறிப்போயிருந்துது. எந்தக் குழாய்லயும் புகை வரல. எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன்.

— ஏனுங்க?

— அதுக்கு முந்தின நாளு நீயே சொன்னே. ஏதாச்சும் சிக்குச்சுன்னா கைடு சிலி நாட்டு மலையில இருக்கற பெரிய டெலஸ்கோப்புக்கு வரச் சொல்லுவாரு, ரெண்டு வருசம் அங்க இருக்கோணும்னு. எங்கம்மா வழுக்கி உழுந்து படுக்கையில கெடந்தாங்க. மோனிஷாவுக்குக் காய்ச்சல். டீயைக் கொண்டுட்டு வந்து உன்ற மொகத்தைப் பார்த்தேன். நம்ம கலியாணத்தன்னைக்குக் கூட அந்தப் பிரகாசம் இல்ல. இவ போயிருவா, போனா வரமாட்டான்னு பயந்துட்டேன். வாயில புகைன்னு வந்துருச்சு.

— இத்தனை வருசமா மனசுலயே வெச்சிருந்தீங்களா?

— அடுத்த மாசமே கேக்காமக் கொள்ளாம டெலஸ்கோப்புக்குப் புது கேமரா வாங்கியாந்தனே, அது எதுக்குன்னு நெனச்சே? பண்ணுன பாவத்துக்குப் பரிகாரம். நீ மச்சுக்கு ஏறறப்பெல்லாம், சாமி, அதைய இன்னொருக்கா அவ கண்ணுல காட்டீருன்னு கும்புட்டுட்டுத்தான் படுப்பேன். காட்டவே இல்ல.

— எப்பிடிக் காட்டும்? அதுக்கப்பறம் நான் அந்தப் பக்கம் திருப்பவே இல்லீங்க.

— திருப்பலையா? அப்பறம் எதையத்தான் பார்த்துட்டு இருந்தே?

— எதையோ. நிலாவை. பையருங்களுக்குச் சனியை.

— அட கெரகமே. இதெல்லாம் என்னால வந்தது. இங்க பாரு, உன்ற கண்ணு மேல ஒரு தப்புமில்ல, என்ற வாய் மேலதான் தப்பு. ரூமு இருக்கட்டும். உங்க கைடுகிட்ட நானே பேசறேன். என்ற பொண்டாட்டி சரியாத்தான் பார்த்தா, நாந்தானுங்க பொய் சொல்லிக் கெடுத்துப்போட்டேன்னு சொல்றேன். இப்பக் கூப்பிட்டாலும் போயிட்டு வா. மோனிஷாவை நான் பார்த்துக்கறேன். சடை பின்னறது ஒண்ணுதான் வராது, அதையும் கத்துக்கறேன். ஏம்மிணி, நாலு வார்த்தை திட்டீரு, எனக்காச்சும் ஆறும்.

— எதைச் சொல்லீங்க திட்டறது. அது புகையில்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.

— என்ன சொல்றே நீ?

— புகை குறுக்க போனா அது ஒண்ணு மட்டுமாங்க மங்கும்? அக்கம் பக்கத்துல இருக்கற நட்சத்திரமெல்லாம் சேர்ந்து மங்கோணும். அதைத்தான் எப்பவும் ஒத்துப் பார்ப்போம். நீங்க கீழ எறங்குனதும் ஒத்துப் பார்த்தேன். மத்ததெல்லாம் அப்படியே இருந்துது.

— அப்ப தெரிஞ்சேவா அழிச்சே? என்ற மேல பரிதாபப்பட்டா?

— இல்லீங்க. உங்களையும் நெனைக்கல, மோனிஷாவையும் நெனைக்கல. அதை அனுப்பி, பெரிய மனுசங்கெல்லாம் பார்த்துட்டு தப்புன்னு சொல்லீட்டா என்ன பண்றதுன்னு பயம். சரின்னு சொல்லீட்டா அதைவிடப் பயம், அவீங்க நடுவுல போய் நிக்கோணுமேன்னு. நீங்க புகைன்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துதுங்க.